கொட்டகை என்று எழுதிய அறை

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டு மலையில் ஓர் ஊராட்சியில் நான் எழுத்தராக இருந்தேன். புது வீடுகளை டேப் பிடித்து அளந்து வரி போடுவது என் வேலை. தொண்ணூற்று ஏழில் மாரிசாமியின் வீட்டை அளந்தபோது பதிவேட்டில் ஒரு சொல்லைப் பொய்யாக எழுதினேன். அந்தப் பதிவேடு இப்போது எங்கே கிடக்கிறதோ. சொல் மட்டும் என்னோடு வந்துவிட்டது.

'காபித் தோட்டத்தின்மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் —'

[வேண்டாம். அன்று நல்ல வெயில். பனியைப் போட்டால், எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று நான் தப்பித்துக்கொள்வேன்.]

2

மாரிசாமி எஸ்டேட்டில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்தவர். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் தலைச்சோலைக்குக் கீழே வீடு கட்டினார். பணம் சுவரோடு நின்றுவிட்டது. மேலே தளம் போட்டது தங்கை பாப்பாத்தியின் சேமிப்பு. கணவனை இழந்தவள், எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் தனியாக இருந்தாள். அவளுக்கென்று பின்னால் தகரக் கூரை போட்டு ஓர் அறை.

"வேலைய உட்டு நின்னா லைனையும் காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க போறதுன்னு நொம்ப பயந்துட்டிருந்தனுங்க" என்று அவளே என்னிடம் சொன்னாள். நான் அளக்கப் போனபோது அவள் குடிவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

முன்பகுதிக்கு எவ்வளவு வரி என்று சொன்னேன். மாரிசாமியின் முகம் சுருங்கியது. வீடு கட்டி முடித்தால் செலவு தீர்ந்தது என்றிருந்தார். வருஷா வருஷம் கட்டவேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் டேப்பைப் பின்பக்கம் இழுத்தேன்.

"ஏனுங்க, அதையும் அளக்கோணுங்களா?"

"ஆளு குடியிருந்தா அளக்கோணுங்க."

"அது மாட்டுக்கொட்டாயிங்க."

அறை வாசலில் பாப்பாத்தி இரண்டு டம்ளர் டீயோடு நின்றிருந்தாள்.*

"கொட்டாயில போட்ட டீங்க. குடிப்பீங்களா?" என்றாள்.

குடித்தேன். பிறகு 'கொட்டகை' என்று எழுதினேன். கொட்டகைக்கு வரி இல்லை. மாரிசாமிக்கு வருஷத்துக்கு நாற்பது ரூபாய் மிச்சம்.

(* அவள் உள்ளே இருந்தது மாரிசாமிக்குத் தெரியாது என்று மூன்று வரைவுகளில் எழுதினேன். தெரியும். டீ போடச் சொன்னதே அவர்தான்.)

3

மறுநாளே பாப்பாத்தி லைனுக்குத் திரும்பிவிட்டாள், தோழி அமலியின் வீட்டுக்கு.

ஒன்பதாம் நாள் மாரிசாமி அலுவலகத்துக்கு வந்தார். "அதை ஊடுன்னே எழுதிருங்க. வரி எவ்வளவானாலும் கட்டிப்போடறனுங்க."

அடித்துத் திருத்தி, வரியை வாங்கி ரசீது போட்டேன். அவர் கூப்பிட்டதால் ரசீதோடு நானும் அமலி வீட்டுக்குப் போனேன். பாப்பாத்தி வாசலுக்கு வந்து ரசீதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல யாரு பேரு இருக்குதுங்ணா?"

மாரிசாமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எம்பேருதான் கண்ணு."

"செரி" என்று அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

4

இங்கே ஒரு நல்ல முடிவு எழுதிப் பார்த்தேன். மாரிசாமி அன்றே தங்கையின் பெயரையும் சேர்க்க மனு எழுதுகிறார், பாப்பாத்தி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு —

[இல்லை. பெயர் சேர்க்க வழி இருந்தது. அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.]

பாப்பாத்தி இன்னும் ஆறு வருஷம் காபிப்பழம் பறித்தாள். அமலி வீட்டிலேயே காய்ச்சலில் இறந்துபோனாள். பின்னறையில் யாரும் குடியேறவில்லை. அதற்கும் சேர்த்து, கேட்பதற்கு முன்னாலேயே, மாரிசாமி ஒவ்வொரு வருஷமும் வந்து வரி கட்டினார்.

ஆனால் நான் மாட்டிக்கொண்டு நிற்பது அமலி வீட்டு வாசலில்தான். அவள் 'செரி' என்றதும் மாரிசாமி எதையோ சொல்ல வாயெடுத்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டார். அந்த இடத்துக்கு எத்தனையோ வாக்கியங்கள் எழுதி, எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் அவர் வாயில் வையுங்கள். கேட்டுக்கொண்டு நிற்பவள் பாப்பாத்தி என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.