முதுகில் கொக்கி வைத்த கரடி

ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்குக் கரடி தைக்கப் போகிறேன் என்றதும் மேனேஜர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன். போய்ப் பாத்துட்டு வா" என்றார். நல்ல மனசுதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே என்ன? என் பிள்ளைகள், அக்கா பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் என்று பள்ளிக்கூட மேடை ஏறிய புலி, முயல், தக்காளி எல்லாம் நான் தைத்தவை. தைக்க உட்கார்ந்தால் எனக்குப் பசியே தெரியாது. இப்போது வீட்டு முன்னறையே பட்டறை. நாடகம் போடும் தம்பி, "இந்தக் கரடி சரியா வந்தா இனி எங்க குழு உடுப்பு எல்லாமே உங்களுக்குத்தான்க்கா" என்று சொல்லியிருந்தான். சொதப்பினால், இருக்கவே இருக்கிறது நாற்காலி.

ஒத்திகையில் கரடி உறுமியபோது எனக்கே புல்லரித்தது. அடுத்த காட்சியில் அதே நடிகர் ராஜாவாக வர வேண்டும். விளக்கு அணைந்தது. திரும்ப எரிந்தபோது கிரீடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரடிதான் நின்றது.

"கொக்கி எட்டலைங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. "தனியா கழட்டணும்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று தம்பியிடம் எகிறினேன்.

"அவரு கழட்டாம வேற யாருக்கா கழட்டுவாங்க?"

நான்தான்! இத்தனை வருஷமும் நானே மாட்டிவிட்டு நானே கழற்றிவிட்டேன். அதனால் கொக்கியெல்லாம் என் கைக்கு வசதியாக முதுகில். போட்டிருப்பவருக்கும் கை உண்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மறுநாள் நாடகம். கரடியை வீட்டுக்குத் தூக்கி வந்து முதுகை மூடித் தைத்தேன். வயிற்றை நெடுக வெட்டினேன். வழிநெடுகப் பெரிய பிரஸ் பட்டன்களை வைத்து, அவை தெரியாமல் ரோமத்தை வாரிவிட்டேன். பிறகு நானே உள்ளே நுழைந்தேன். இத்தனை உடுப்பு தைத்தவள் ஒன்றைக்கூடப் போட்டுப் பார்த்ததில்லை. கண்ணாடியில் பார்த்தால், அடேயப்பா! சந்தோஷம் தாங்காமல் ஓர் உறுமு உறுமினேன்.

"இன்னிக்குத்தான் சுயரூபம் தெரியுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"வாயப் பாரு! கழட்ட வருதான்னு பாருங்க" என்று கரடியின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் கரடி காலடியில் கிடந்தது.

நாடகத்தன்று பழக்க தோஷத்தில் திரையோரம் போய் நின்றேன். "இங்க என்னக்கா வேலை உங்களுக்கு? முன்னாடி போய் உக்காருங்க" என்று தம்பி விரட்டினான். போய் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கரடி உறுமியது. விளக்கு அணைந்தது. எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எரிந்தபோது ராஜா நின்றார், முழுசாக, மீசையை முறுக்கிக்கொண்டு. கைதட்டல் அடங்கவே இல்லை.

இடைவேளையில் தம்பி ஓடி வந்தான். "அடுத்த நாடகத்துல ஒரு கூட்டம் குரங்குக்கா! எல்லாம் நீங்கதான் தைக்கணும். ஆனா அதுங்களே கழட்டிக்கணும், சொல்லிட்டேன்!"

"அப்ப வீட்டுல நான் எங்க உக்கார்றது?" என்றார் வீட்டுக்காரர்.

"குரங்கோட குரங்கா உக்காருங்க" என்றேன்.

மணி அடித்தது, மறுபடி திரை விலகியது. அத்தனை வெளிச்சமும் முகத்தில் விழ நடிகர்கள் எல்லோரும் நின்றார்கள். என் பிள்ளைகள் மேடையில் நின்றபோதெல்லாம் நான் பின்னாலிருந்து அவர்கள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தால் இவ்வளவு அழகா?

"ஏன் அழற?" என்றார் அவர்.

"யாரு அழறா? பேசாம மேடையப் பாருங்க."