ஷார்ஜாவுக்கு ஒரு ஷாஃப்ட்

தொண்ணூற்றேழு ஜூன். கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறையை ஏஜெண்ட் அன்று ஒருநாள் வாடகைக்கு எடுத்திருந்தார். ஷார்ஜா கம்பெனிக்கு லேத் ஓட்டும் டர்னர் ஆள் எடுக்கிறார்கள். வரிசையில் நஞ்சப்பன் ஒன்பதாவது.

மூன்று மாதம் முன்புவரை அடுத்த தெருவில் அவருக்குச் சொந்தமாக நான்கு லேத் ஓடின. பம்புசெட் ஆர்டர்கள் வடக்கே போய்விட்டன. கரண்டும் பாதி நாள் இல்லை. ஒவ்வொன்றாக விற்றார். அவிநாசிப் பக்கம் கிணறு வற்றிக் கணபதிக்கு வந்தவர் அவருடைய அப்பா. மகனுக்குக் கடல் தாண்டுவதுதான் மிச்சம்.

"மொதலாளிகளே லைனுக்கு வந்துட்டா நாங்க எங்கீங்க போறது?" பின்னால் நின்ற சுரேந்தர் சிரித்தான்.

"நீயும் ஒரு பட்டறை வெச்சுப் பாரு கண்ணு. தன்னால இங்க வந்துருவ."

உள்ளே தேர்வு வைத்தவர் அவரைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தார். ரசாக். நஞ்சப்பனிடம் ஏழு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஷார்ஜா போனவர். அந்தக் கம்பெனிக்கே ஆள் எடுக்க வந்திருந்தார்.

"மொதலாளி, நீங்க ஏனுங்க இங்க?"

"டெஸ்ட்டுக்குத்தானுங்க."

இத்தனை வருஷத்தில் நஞ்சப்பன் ரசாக்கை மரியாதை போட்டுப் பேசியதில்லை. ரசாக் தலை குனிந்துகொண்டார்.

அரை மணியில் நஞ்சப்பன் லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைந்து முடித்தார். ரசாக் மைக்ரோமீட்டரில் இரண்டு முறை அளந்தார். தாளில் ஃபெயில் என்று எழுதினார்.

"அளவு தப்பா ரசாக்கு?"

"அளவுல ஒரு குத்தமும் இல்லீங்க. அங்க ஒரு ரூமுக்குப் பதினாறு பேருங்க. போர்மேன் சின்னப்பையன், வாயத் தொறந்தா கெட்ட வார்த்தை. என் கையால உங்கள அங்க அனுப்ப முடியாதுங்க."

"திட்டுனா வாங்கிக்கறேன். ஊட்டக் காலி பண்ணிப்போட்டேன் ரசாக்கு. சம்சாரமும் புள்ளையும் காரமடைல மச்சான் ஊட்டுல கெடக்கறாங்க."

"இங்கயே வேற ஏதாச்சும் பாக்கலாமுங்க."

"என்னத்த?"

ரசாக் தாளைத் திருத்தவில்லை. ஏஜெண்ட் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நஞ்சப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே சுரேந்தரின் லேத் அலறியது. அப்படி அலறினால் ஷாஃப்ட்டின் அளவு சரியாக வராது என்று அவருக்குத் தெரியும்.

சற்று நேரத்தில் சுரேந்தர் ஓடிவந்தான். "பாஸுங்க மொதலாளி! உங்களுக்குங்க?"

நஞ்சப்பன் உள்ளே திரும்பிப் பார்த்தார். ரசாக்கின் நாற்காலி காலியாகவே இருந்தது. நஞ்சப்பன் வாசலை விட்டு இறங்கும்வரை ரசாக் நின்றுகொண்டே இருந்தார்.