ஒருநாள் விட்டு ஒருநாள் இங்கிலீஷ்

சவரிநாதனுக்கு முழங்கால் போய்விட்டது. ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் பெட்டி தூக்குகிற வேலை. இன்னும் ஒரு வருஷம் தூக்கினால் நடமாட்டமே நின்றுவிடும். அதே ஸ்டோரில் மேசை வேலை ஒன்று காலியாகியிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே, சரக்கு வந்ததையும் போனதையும் இங்கிலீஷில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பரீட்சை. பத்து வாக்கியத்தில் ஆறு சரியாக இருந்தால் மேசை கிடைக்கும்.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் அவருக்கு எழுத்தே கைக்கு வந்தது. இப்போது ஐம்பத்தாறு. ஆபீஸில் வேலை செய்யும் கார்மென் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாள் எழுதிக் கொடுத்தாள். ஒன்றில் தினமும் நடப்பவை: ஐ கோ, ஷி கோஸ். இன்னொன்றில் நடந்து முடிந்தவை: ஐ வென்ட், ஷி வென்ட்.

"ஏம்மா, தினம் அவ போனா 'ஸ்'னு ஒரு வாலு ஒட்டுது. நேத்துப் போனா வாலைக் காணோமே?"

"காரணம் கேக்காதீங்கண்ணே, குழம்பிருவீங்க."

"இப்பவே குழம்பித்தான் கெடக்கேன்லா."

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர் அவர்; ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. இன்று ஒரு நிரை, ஒரு வரிசை மரங்களை வெட்டினால் நாளைக்கு அந்த மரங்களைத் தொடக்கூடாது. அடுத்த நிரைக்குப் போய்விட வேண்டும். ஒருநாள் ஓய்ந்தால்தான் மரம் மறுபடி பால் கொடுக்கும். படிப்பையும் அப்படியே வகுத்துக்கொண்டார். திங்கள், புதன், வெள்ளி முதல் தாள். செவ்வாய், வியாழன் இரண்டாம் தாள். இதைக் கார்மெனிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பரீட்சையில் முதல் ஐந்தும் மளமளவென்று ஓடின. ஆறாவது 'நேற்று' என்று ஆரம்பித்தது. கை நின்றுவிட்டது. வார்த்தை தெரியாமல் இல்லை. நேற்று முழுக்க அந்தத் தாளோடுதான் மல்லுக்கட்டினார். இன்று அதற்கு ஓய்வு. தொட்டால் பாழாகிவிடும் என்றது உடம்பு. இது மரமா, தாளா என்றது மனசு. இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஸ்டோர் மேனேஜர் ஹைகல் தாளை வாங்கிப் பார்த்தார். ஈப்போ டவுனில், அப்பாவின் சாப்பாட்டுக் கடையில் தமிழ் பேசி வளர்ந்தவர்.

"என்னண்ணே, பாதி கோசோங்கா, காலியா இருக்கு?"

"அது நேத்து வெட்டுனது பாஸ். இன்னைக்கு ரெஸ்ட்."

"யாருக்கு ரெஸ்ட்?"

"வார்த்தைக்கு."

"வார்த்தைக்கும் முழங்கால் வலியா?"

சவரிநாதன் நிரையைப் பற்றியும் பாலைப் பற்றியும் விளக்கினார். சொல்லச் சொல்ல, தான் சொல்வது அவருக்கே பிடிபடாமல் போயிற்று.

"எனக்கு மரம் தெரியாதுண்ணே. அஞ்சு சரி, ஆறு வேணும். நேத்து என்ன வேலை செஞ்சீங்க? ஒரு வரி எழுதுங்க. மரம் செத்தா என் பொறுப்பு."

பென்சிலை அழுத்தாமல், பட்டையைச் சீவுகிறவர் போல எழுதினார். எஸ்டர்டே ஐ கேரீட் ஃபோர்ட்டி பாக்ஸஸ். ஹைகல் சிவப்பில் சரிக்குறி போட்டார்.

"திங்கக்கிழமை மேசைக்கு வந்துருங்க."

வாசலில் வந்து நின்ற கார்மென் கை தட்டினாள். சவரிநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நாளைக்கு என்னைய ஒன்னும் கேக்காதம்மா. ஒரே நாள்ல ரெண்டையும் வெட்டிட்டேன். இனிமே வருமோ வராதோ."

"எதை வெட்டுனீங்க?" என்றாள் கார்மென்.