மரத்துப்போகும் குடும்பம்

அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் அப்பா, வலது இடுப்பு மூட்டு மாற்றி இரண்டாம் நாள். அவர் காலடியில் சர்ஜன். நாற்காலியில் அத்தை. ஜன்னலோரம் நான், ஆபரேஷனுக்கு முன் படிவம் நிரப்பியவன்.

“பாதத்தை மேல தூக்குங்க.”

அப்பா பல்லைக் கடித்தார். வலது பாதம் ஈரத்துணி போலத் தொங்கியது.

“இது எங்க குடும்பச் சொத்துங்க ஐயா,” என்றாள் அத்தை. சர்ஜனைத் தேற்றுகிறாளாம். “கால் மேல கால் போட்டாலே ஒரு வாரம் மரத்துடும். பை தூக்கினதுல எனக்கு ஒரு மாசம் கை தொங்கிச்சு. எங்கப்பாவுக்குப் பட்டப்பேரே மரக்கட்டை.”

அப்பாவும் சிரித்தார். சர்ஜன் சிரிக்கவில்லை.

“அது நோய்ம்மா. ரொம்ப அபூர்வம். நரம்பை லேசா அழுத்தினாலே, இழுத்தாலே படுத்துடும். தெரிஞ்சிருந்தா ஆபரேஷன்ல காலை இழுக்கும்போது இன்னும் ஜாக்கிரதையா இருந்திருப்போம். படிவத்துல ‘நரம்புக் கோளாறு இல்லை’ன்னு இருக்கே?”

என் கையெழுத்து. நான் பிறந்ததிலிருந்து வீட்டில் கேலி செய்த விஷயம் அது. அதை அந்தக் கட்டத்தில் எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

“திரும்ப வருமா டாக்டர்? நான் ஸ்கூல் வேன் ஓட்டுறவன்,” என்றார் அப்பா.

“வரலாம். மாசக்கணக்கு ஆகும். வராமலும் போகலாம்.”

அவர் போனதும் அப்பா என்னைப் பார்த்தார்.

“என்னைக் கேட்டிருந்தாலும் இல்லைன்னுதான்டா சொல்லியிருப்பேன்.”

அதனால் என் பாரம் ஒன்றும் குறையவில்லை.

மூன்று மாதம். முழங்காலை உயர்த்தி, பாதம் தரையில் அறைய அறைய நடந்தார். நாளுக்குப் பத்து முறை கால் கட்டைவிரல் அசைகிறதா என்று பார்ப்பார். நான் பார்க்காத மாதிரி பார்ப்பேன். பள்ளி திறக்க ஒரு வாரம். நீங்கள் வருகிறீர்களா, வேறு ஆள் பார்க்கட்டுமா என்று பள்ளியில் கேட்டுவிட்டார்கள்.

அன்று காலை வேனில் ஏறி உட்கார்ந்தார். இன்ஜினைப் போடவில்லை. வலது பாதத்தை ஆக்சிலேட்டரில் வைத்தார்.

“திடீர்னு ‘குழந்தை’ன்னு கத்து.”

“எதுக்குப்பா...”

“கத்துடா.”

கத்தினேன். கால் பிரேக்குக்குத் தாவியது. தொங்கிய முன்பாதம் பிரேக்குக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது.

“மறுபடி.”

அதேதான். மூன்றாம் முறை நான் கத்தவில்லை. அவரும் கேட்கவில்லை. கையால் பாதத்தை விடுவித்துக்கொண்டார்.

கம்பியைப் பிடித்து இறங்கினார். கதவைச் சாத்தினார், பூட்டினார், கைப்பிடியை ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.