கடைசி எட்டுப் பக்கம்

கல்முனையில் கண்ணாடிக்கடை வைத்திருக்கும் ஸலாஹுதீனிடம் கண்ணைக் காட்டப் போனவர்கள் வெறும் கண்ணாடியோடு திரும்பியதில்லை. பவரைச் சரிபார்த்து, கண்ணாடியைக் காதில் மாட்டிவிட்டு, "இப்ப நல்லாத் தெரியுதுதானே? அப்ப இத வாசிச்சுப் பாருங்க" என்று பின்னாலிருக்கும் அலுமாரியைத் திறப்பார். புதுசாகக் கலியாணம் முடித்தவர்களுக்குக் கவிதை. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்பவர்களுக்குக் கட்டுரை. கதை பிடிக்கும் என்பவர்களுக்கு ஒரு நாவல், எப்போதும் அதே நாவல்.

"முடிவு இரிக்கே, அழாம வாசிக்கேலாது" என்பார்.

கல்லாவில் இருக்கும் அவருடைய மனைவி றுஸ்தா, "டொக்டர் மருந்து எழுதிட்டாரு. சாப்பாட்டுக்கு முன்னயா பின்னயா எண்டும் கேட்டுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே பில்லை நீட்டுவாள்.

நாலு வருசத்தில் அந்த நாவலைப் பதினொரு பேர் கொண்டுபோயிருந்தார்கள். பதினொரு பேரும் திருப்பிக் கொண்டுவந்து, "அழுதுட்டன் நானா", "அழுதுட்டன் தம்பி" என்றார்கள். ஒவ்வொரு தரமும் ஸலாஹுதீனுடைய முகம், தானே அந்த நாவலை எழுதியது மாதிரி மலரும்.

பன்னிரண்டாவது ஆள் ஞானராணி டீச்சர். முப்பது வருசம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். புதுக் கண்ணாடியோடு நாவலையும் கொண்டுபோனவர், மூன்றாம் நாள் காலமையே கடைக்கு வந்துவிட்டார்.

"அழுதீங்களா டீச்சர்?" ஸலாஹுதீன் ஆவலோடு கேட்டார்.

"இல்ல தம்பி. முடிவு இருந்தாத்தானே அழுறதுக்கு."

டீச்சர் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்து மேசையில் வைத்தார். புருசன் வீட்டைவிட்டு வந்த பெண் ரயில் நிலையத்தில் நிற்கிறாள். 'அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு' என்பதோடு பக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு அட்டைதான்.

ஸலாஹுதீன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழும்பில் பழைய புத்தகக் கடையொன்றில் கண்டதும் ஆசையில் வாங்கிவந்த பிரதி அது. கம்பஸில் படிக்கும்போதே வாசித்த கதை என்பதால், வாங்கிய பிறகு அவர் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"அப்ப அழுத பதினொரு பேரும்?" றுஸ்தா கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"வேணாம் றுஸ்தா. பாவம்."

அவள் அதற்குள் காரைதீவுச் சீனித்தம்பிக்கு எடுத்து, எல்லாருக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தாள். "அண்ணன், நீங்க கொண்டுபோன அந்த நாவல்ல கடைசியில அவளுக்கு என்ன நடக்குது? இவரு மறந்திட்டாராம்."

சீனித்தம்பி கொஞ்சம் செருமினார். "அது... ரயில்ல விழுந்து செத்திடுறாள் தங்கச்சி. ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கல்ல."

அடுத்தது தையல் வேலை செய்யும் அம்ஹா. "புருசன் ஓடி வந்து கூட்டிட்டுப் போறாருதானே ராத்தா? அந்த இடத்த நினைச்சா இப்பயும் அழுக வருது."

டீச்சர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். "ஒருத்தர் சாகடிச்சிட்டார், மற்றவ சேர்த்து வச்சிட்டா. சரி தம்பி, நீங்க சொல்லுங்க. உண்மையா என்ன நடக்குது?"

ஸலாஹுதீன் யோசித்துப் பார்த்தார். பெட்டி நினைவிருந்தது, மழை நினைவிருந்தது, தான் அழுததும் நன்றாக நினைவிருந்தது. எதற்கு அழுதோம் என்பது மட்டும் வரவேயில்லை.

"பதினொண்டில்ல, இவரயும் சேத்துப் பன்னிரண்டு பேர்" என்றாள் றுஸ்தா.

டீச்சர் விடுகிற ஆளில்லை. மட்டக்களப்பில் இருக்கும் மருமகள் சொனியாவிடம் சொல்ல, அவள் நூலகத்தில் அதே நாவலைத் தேடிப் பிடித்து, கடைசி எட்டுப் பக்கத்தையும் போனில் படமெடுத்து அனுப்பினாள். வியாழக்கிழமை பின்னேரம் கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து டீச்சர் அதைச் சத்தமாக வாசித்தார். அந்தப் பெண் ரயிலில் ஏறுகிறாள். யன்னலோரம் இடம் கிடைக்கிறது. சோற்றுப் பார்சலைப் பிரித்து, பசியாறச் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் கதை.

"இதில அழ என்ன இருக்கு தம்பி?"

"எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு டீச்சர்" என்றார் ஸலாஹுதீன் மெல்ல. "வீட்ட விட்டு முதல்தரம் தூரத்துக்குப் போயிருந்த நேரம். ஹொஸ்டல் சோறு."

"அப்ப அவளுக்காக அழல்ல. உம்மாட சோத்துக்கும் ஆணத்துக்கும் அழுதிருக்கீங்க" என்றாள் றுஸ்தா. ஆனால் அதைச் சொன்ன விதத்தில் கேலி பாதிதான் இருந்தது. எழும்பிப் போய் அவருக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சர், "அடுத்ததா நான் என்ன வாசிக்க?" என்று கேட்டார்.

ஸலாஹுதீன் அலுமாரிப் பக்கம் திரும்பி, கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார். "இந்தத் தரம் நீங்க சொல்லுங்க டீச்சர். நான் வாசிக்கன்."

டீச்சர் தன் பையிலிருந்து ஒரு மெல்லிய கட்டுரைப் புத்தகத்தை எடுத்து வைத்தார். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, குடையைத் தொலைப்பது, விருந்தாளி போகாமல் இருப்பது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பக்கம்.

ஸலாஹுதீன் கையை நீட்டுவதற்குள், வாழ்நாளில் புத்தகம் கேட்டிராத றுஸ்தா அதை எடுத்து நடுவில் பிரித்தாள். நின்றபடியே ஒரு பக்கம் வாசித்தாள். திடீரென்று சத்தமாகச் சிரித்தாள்.

"என்ன போட்டிரிக்கி?" ஸலாஹுதீன் எட்டிப் பார்த்தார்.

"இரிங்க, முடிச்சிட்டுத் தாறன்" என்று சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.