பூட்டு இல்லாத திறப்பு

மடுச்சந்தியில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஓட்டோவில் ஏறியதும் வழக்கம்போல என் கையை முன் சீற்றில் இருந்த சுபாஸ்கரனின் தோளில் வைத்தேன். வழக்கம் என்றால் இரண்டு நாள் வழக்கம்தான். பார்க்கிறவர்களுக்குப் புதுச் சோடியின் ஆசை என்று தோன்றியிருக்கும். தேத்தண்ணிக் கடைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? நான் ஆளைக் காவல் காத்துக்கொண்டு வந்தேன்.

"மன்னாருக்கு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டேன்.

"கிலோமீற்றர்க் கட்டையில எழுதிக் கிடக்கு, வாசியுமன்."

"நீங்கள் சொல்லுங்கோ."

"நாப்பது வரும். ரெண்டு நாளா ரேடியோ மாதிரிக் கதைச்சுக்கொண்டு வாறீர். தொண்டை நோகேல்லையே?"

நொந்தது. ஆனால் கேள்விக்குப் பதில் வந்தால் ஆள் இந்த உலகத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். அதனால் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்களுக்குக் கலியாணமாகி எட்டு மாதம். இரண்டு பேரும் பெருநிலப்பரப்பு வயற்காரக் குடும்பங்கள். இருப்பது மன்னார்த் தீவு ரவுனில் வாடகை வீடு. அவர் தண்ணீர்ப் பம்பு உதிரிப்பாகம் விற்கிற கடையில் வேலை. மாலையில் சொந்த ஓட்டோவும் ஓடுவார். நான் முன்பள்ளி ரீச்சர். பிறந்ததிலிருந்து தட்டையான நிலத்தைத் தவிர வேறெதையும் காணாதவள். மலை பார்க்க வேண்டும், கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும், நடந்து உச்சிக்கு ஏற வேண்டும் என்று ஆலாய்ப் பறந்தது நான்தான். அவர் வேலை, செலவு என்று சாட்டுச் சொல்லிப் பார்த்தார். நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் கூட்டாளி ஷிஹாபிடம் கூடாரத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். கண்டி, எல்ல, நுவரெலியா, ஐந்து நாள். ஓட்டோவில் மலை ஏறப் போகிறோம் என்று அயலட்டை முழுக்கப் பகிடி பண்ணியது.

மூன்றாம் நாள் காலை எல்லவில் ஒரு மலை ஏறினோம். உச்சியில் பாறை ஒன்றில் இருந்து போத்தலில் கொண்டுபோன தேத்தண்ணியைக் குடித்தோம். இரண்டடி தள்ளினால் பள்ளம். கீழே றோட்டு நூல்போலத் தெரிந்தது. "பத்து மணிக்கு நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டா..." என்று சொல்லிக்கொண்டு வந்தவர் நின்றுவிட்டார். கண் என்னைத்தான் பார்த்தது, ஆனால் பார்வையில் நான் இல்லை. வாயில் ஒன்றுமில்லாமல் எதையோ சப்பினார். விரல்கள் சேட்டுப் பொத்தானைப் பிய்த்தன. கோப்பை சரிந்து சூடான தேத்தண்ணி தொடையில் ஊற்றியது. மனிதர் அசையவில்லை. பள்ளத்துப் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்று சேட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் எண்ணினேன். முப்பது வரைக்கும் எண்ணினேன்.

"...மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிரலாம்" என்றார். பிறகு நனைந்த காற்சட்டையைப் பார்த்து, "ஆர் இதை ஊத்தினது?" என்று கேட்டார்.

"நான்தான். கை தட்டிட்டுது."

முன்பள்ளியில் ஒரு பிள்ளைக்கு இப்படி வரும். வலிப்பில் இது ஒரு வகை, மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டால் அடங்கிவிடும் என்று அதன் தாய் எனக்கு விளங்கப்படுத்தியிருந்தாள். ஆகவே அந்தப் பாறையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் விளங்கியது. கலியாணம் கட்டின அன்று அவருடைய அரைநாண் கொடியில் ஒரு பழைய இரும்புத் திறப்புத் தொங்கக் கண்டேன். "எந்தப் பெட்டகத்துத் திறப்பு? உள்ளுக்க எவ்வளவு நகை?" என்று பகிடி பண்ணினேன். "கண்ணூறுக்கு அம்மா கட்டினவ" என்றார். அந்தத் திறப்புக்கு எங்கேயும் பூட்டு இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் வலிப்பு வந்தவரின் கையில் இரும்பு கொடுப்பார்கள். மருந்துக்கு முந்தி ஓடிவருவது திறப்புக் கோர்வைதான். இது தெரிந்தும் எட்டு மாதமாக நான் யோசிக்கவில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்பார்கள். எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்த ஒன்று கையில் ஹான்டிலைப் பிடித்துக்கொண்டு மலைப்பாதையில் என்னை ஏற்றிப் போனது.

றம்பொடை வளைவுகளை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மூடுபனி, எதிரே பஸ், ஒரு பக்கம் பாதாளம். அருவி தெரிகிறது பாரும் என்றார். எனக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. தலை சுற்றுகிறது, பஸ்ஸில் போவோம் என்று கேட்டேன். ஓட்டோவை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்றார். நான் கொஞ்சம் ஓட்டோ ஓடிப் பார்க்கிறேன் என்றேன். கீரிக் கடற்கரையில் இரண்டு தரம் மணலில் ஓடப் பழக்கியவர், மலையில் சிரித்தார். ஏன் நேரே கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். கேட்டு, அவர் குழம்பி, அந்த வளைவிலேயே அது வந்துவிட்டால்? ஊர் வரட்டும், மட்டமான றோட்டு வரட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது முருங்கனும் தாண்டியது. இரண்டு பக்கமும் அறுத்த வயல், நேர் றோட்டு. பயம் கொஞ்சம் இளகிய இடம் அதுதான்.

"வீட்டை போனோண்ண முதல் என்ன சாப்பிடுவம்?" என்று கேட்டேன்.

பதில் இல்லை. என் கைக்குக் கீழே தோள் மரக்கட்டையாக இறுகியது. ஓட்டோ மெல்ல வலப்பக்கம் சரிந்து போனது. எதிரே கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. அவருடைய தலைக்கு மேலால் எட்டி விழுந்து ஹான்டிலைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தேன். பஸ்ஸின் காற்று முகத்தில் அறைந்தது. ஓட்டோ றோட்டை விட்டிறங்கி வரம்பில் முட்டித் துள்ளி நின்றது. பின்னால் கட்டியிருந்த கூடாரம் வயலுக்குள் விழுந்தது. அவர் சப்பிக்கொண்டே இருந்தார். நான் எண்ணினேன். இந்தமுறை முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது.

"ஏன் நிப்பாட்டினீர்?" என்று கேட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவருடைய சேட்டைத் தூக்கி, கொடியிலிருந்து அந்த இரும்புத் திறப்பை அவிழ்த்து, அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினேன்.

"இது எதுக்கெண்டு இப்ப சொல்லுங்கோ."

கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொரு வயசில தொடங்கினது" என்றார். "குளிசை போட்டா வராது. மூண்டு வருசமா வரேல்லை."

"குளிசை எங்க?"

"கடையில, மேசை லாச்சிக்குள்ள. ரெண்டு பேருக்கும் ஒரே உடுப்பு பாக். கொண்டுவந்தா நீர் காணுவீர். அஞ்சு நாள்தானே எண்டு விட்டிட்டு வந்தனான்."

"எல்லவில வந்தது தெரியுமோ?"

"தொடை எரிஞ்சுது, ஊத்தினது ஞாபகமில்லை. நீர் கை தட்டினதெண்டு சொல்லேக்க விளங்கிட்டுது." குரல் இறங்கியது. "நானும் பயந்துகொண்டுதான் ஓடினனான், நிவேதிகா. நீர் கதைச்சுக்கொண்டு வந்தது எனக்கு நல்லதாப் போச்சு."

அப்படியென்றால் இரண்டு பேரும் தெரிந்துகொண்டே அந்த மலைகளை இறங்கியிருக்கிறோம். என்னைக் கொல்லத் துணிந்தவருக்கு என்னிடம் சொல்லத் துணிவில்லை. அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கூடாரத்தைப் பொறுக்கி வந்து கட்டினேன். ஓட்டோத் திறப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவர் முன் சீற்றை விட்டு இறங்கும்வரை.

"உமக்கு ஓடத் தெரியாதே."

"எனக்கு முழிப்பு இருக்கு."

முதலில் இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் கிளச்சு பிடிபட்டது. இருபது கிலோமீற்றர் வேகத்தில், சைக்கிள்காரனும் முந்திப் போக, தள்ளாடிச் சந்திக்கு வந்தோம். அதற்கப்பால் கடல்மேல் பாலமும் நேர் றோட்டும், மூன்று கிலோமீற்றர். ஒதுங்க வரம்பில்லை. சோளகக் காற்று இடப்பக்கத்திலிருந்து ஓட்டோவைத் தள்ளியது. பின்னால் ஐஸ் மீன் லொறி ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அவருடைய கை என் தோளில் இருந்தது. அந்தக் கைக்குள் இரும்புத் திறப்பும் இருந்தது.

"காத்துக்கு இடப்பக்கமா கொஞ்சம் பிடியும்" என்றார்.

"பிடிக்கிறன். குளிசையின்ர பேர் என்ன?"

சொன்னார்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"வவுனியா."

"உங்கட அம்மாவுக்கு, நான் அறிஞ்சிட்டன் எண்டு ஆர் சொல்லுறது?"

"நான் சொல்லுறன்."

பாதித் தூரம் வந்துவிட்டது. தூரத்தில் கோட்டைச் சுவரும், றோட்டோரம் நிற்கிற கழுதைகளும் தெரியத் தொடங்கின. இரண்டு நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"நாளைக்கு ரெண்டு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போவம். இனிமேல் ஒண்டும் ஒளிக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

காற்று இரைந்தது. பதில் வரவில்லை.

திரும்பிப் பார்க்க வழியில்லை. கண்ணை எடுத்தால் கடல். நிறுத்த வழியில்லை, லொறி விளக்கடித்துக்கொண்டு வந்தது. வலிப்பு வந்து பேசாமல் இருக்கிறாரா, பேச மனமில்லாமல் பேசாமல் இருக்கிறாரா? இரண்டில் எதற்குக் கூடப் பயப்படுவது என்று எனக்கே தெரியவில்லை. தோளில் இருந்த விரல்கள் இறுகின. அந்த இரும்பு என் எலும்பில் குத்தியது. ஹான்டிலைப் பிடித்தபடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினேன்.