கோச்சுக்காத நைனா

மந்தைவெளி ஸ்டாண்டுல சவாரி இல்லாத நேரத்துல நான் மந்திரவாதி. ஆட்டோ ஓட்டறவனுக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா? இன்னா பண்றது, என் புள்ள விக்கி வூட்ல என் மூஞ்சியே பாக்கறதில்ல. எந்நேரமும் அந்த ஆன்லைன் கேம்லதான் கீறான். அதான் நானும் போன்ல வேற பேர்ல, மந்திரவாதி வேஷத்துல அவன் டீம்ல சேந்தேன்.

மொத சண்டையிலயே மானம் போச்சு. டிராகன் மேல வுட வேண்டிய நெருப்ப எங்க ஆளுங்க மேலயே வுட்டுட்டேன். அத்தினி பேரும் காலி. விக்கி மைக்குல கிழிகிழின்னு கிழிச்சான். நான் வாய தொறந்தா குரலு காட்டிக் குடுத்துடும். அவசரத்துல, வூட்ல அவன தெனம் சமாதானம் பண்றா மாதிரியே டைப் பண்ணிட்டேன்: "கோச்சுக்காத நைனா."

"யார்றா உனுக்கு நைனா? மொதல்ல நீ யார்றா?"

எனுக்கும் சுர்ருன்னு ஏறிச்சு. "நான்தான்டா உன்ன பெத்த நைனா"ன்னு தட்டி அனுப்பிட்டேன்.

மத்த பசங்க சரியான பதிலடின்னு வுழுந்து வுழுந்து சிரிச்சானுங்க. விக்கி மட்டும் சிரிக்கல. "நைனாவா?"ன்னான், மெதுவா. மைக்கு கட்டாயிடுச்சு.

இன்னும் வண்டிக்குள்ளயே குந்திகினு கீறேன். வூட்டுக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது?